இல்லாத விமானத்தின் நேரம்

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கும் ஆக்லாந்து விமான நிலையத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று போனில் தேடினால், கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிடும். பதினோராயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பறக்கும் நேரம் சுமார் பதின்மூன்றரை மணித்தியாலம். நீலக் கடலின் மேல் ஒரு வளைந்த கோடு, அந்தக் கோட்டின் நடுவில் ஒரு சின்ன விமானப் படம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை நான் எத்தனையோ தடவை திறந்து பார்த்திருக்கிறேன். அதில் ஒரே ஒரு குறைதான். அப்படி ஒரு விமானம் கிடையாது.

ஆக்லாந்திலிருந்து நேராக எங்கள் நாட்டுக்கு யாரும் பறப்பதில்லை. சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இறங்கி, காத்துக் கிடந்து, வேறு விமானம் பிடித்துத்தான் வர வேண்டும். இடையில் எங்கும் நிற்காமல் பறந்தால் இவ்வளவு நேரமாகும் என்று யாரோ போட்ட கணக்கு அது. பறந்தால்தானே.

இந்தக் கணக்கு எனக்கு எதற்கு என்றால், என் நானா நியூசிலாந்தில் இருக்கிறார். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்போம், அம்மாவை உம்மா, அப்பாவை வாப்பா. ஆக்லாந்திலும் இல்லை, அங்கிருந்து தெற்கே காரில் இரண்டு மணித்தியாலம் போக வேண்டிய ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை. போய்ப் பல வருஷமாகிறது. மாத்தளையில் பிறந்து, மாட்டின் வாலைக்கூடத் தொட்டுப் பார்க்காத மனிதர், அங்கே முந்நூறு நானூறு மாடுகளைக் கட்டி மேய்க்கிறார். நியூசிலாந்துப் பால்மாப் பக்கெட்டைப் பிரிக்கும்போதெல்லாம் உம்மா, "மாட்டுப் பால் கடல் தாண்டி வருது, எங்கட ஆள் மட்டும் வரக் காணோம்" என்பார். சொல்லிவிட்டு அந்தப் பாலிலேயே தேத்தண்ணி போட்டுக் குடிப்பார்.

வாப்பா போன பிறகு வீட்டில் உம்மாவும் நானும்தான். டவுனிலிருந்து பல்லேபொல போகிற பஸ் பாதையில், இரண்டு ஜாதிக்காய் மரமும் கொஞ்சம் மிளகுக் கொடியும் உள்ள வளவு. நான் கல்யாணம் முடித்துப் போய், இரண்டு வருஷத்தில் திரும்பி வந்தவள். பக்கத்துப் பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறேன். என் ராத்தா, அதாவது நானாவுக்கும் மூத்த அக்கா, டவுனில் இருக்கிறார். அவருடைய கணவர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர். எனக்கு மச்சான் முறை.

எங்களில் ஒருவர் மௌத்தானால் அன்றைக்கே அடக்கிவிடுவோம். மிஞ்சிப் போனால் மறுநாள் காலை. பெட்டி வாங்கி, நடுவீட்டில் வைத்து, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக நாட்கணக்கில் காத்திருக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. ஆகவே வெளிநாட்டில் பிள்ளை உள்ள ஒவ்வொரு முஸ்லிம் வீட்டிலும் ஒரு கேள்வி இருக்கும். யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. மௌத்துச் செய்தி கேட்டுப் புறப்படுகிறவன் முகம் பார்க்க மாட்டான். முகம் பார்க்க வேண்டுமானால், உயிர் இருக்கும்போதே புறப்பட வேண்டும். அப்படியானால் அவனுக்கு எப்போது சொல்வது, யார் சொல்வது?

கட்டார், டுபாய்க்காரர்களுக்கு இந்தப் பிரச்சினை அவ்வளவு இல்லை. காலையில் சொன்னால் பின்னேரம் வந்து நிற்பார்கள். நியூசிலாந்து அப்படி இல்லை. பண்ணையிலிருந்து விமான நிலையம், அங்கே வரிசை, சிங்கப்பூர் வரை ஆகாயம், சிங்கப்பூரில் காத்திருப்பு, கட்டுநாயக்கா வரை மறுபடி ஆகாயம், பாஸ்போர்ட் வரிசை, பிறகு குருநாகல் வழியாக மூன்றரை, நான்கு மணித்தியால வான் பயணம். போனில் காட்டுவது விமான நிலையத்திலிருந்து விமான நிலையம் வரை. எங்களுக்கு வேண்டியது வாசலிலிருந்து வாசல் வரை. எவ்வளவு நல்ல டிக்கெட் கிடைத்தாலும் ஒன்றரை நாளுக்குக் குறையாது.

உம்மா மையத்துக் குளிப்பாட்ட, அதாவது இறந்த பெண்களின் உடலைக் கழுவ, போகிறவர். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண் மௌத்தானாலும் முதலில் உம்மாவுக்குத்தான் ஆள் வரும். ஒரு முறை, லண்டன் மகனுக்காக ஆஸ்பத்திரிக் குளிர் அறையில் மூன்று நாள் வைத்திருந்த ஒரு அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டு வந்தார். வந்ததும் வராததுமாக என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"கல்லு மாதிரி வெறச்சிப் போய் இருந்தா. கை மடங்கல்ல. சுடுதண்ணி ஊத்தி ஊத்தித்தான் கையைப் பிரிச்சோம். எனக்கு அழுக வந்திட்டு. என்ன அப்படிப் போட்டுராதீங்க மகள். யாருக்காகவும் போடாதீங்க."

சரி உம்மா என்றேன். அப்போது உம்மா நல்ல திடமாக இருந்தார். அதனால் அந்தப் பேச்சு எனக்குப் பெரிதாகப் படவில்லை.

பிறகு உம்மாவின் இருதயம் பலவீனமானது. சுவாசப்பையில் நீர் கட்டி, ஒரு நாள் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தார். ஆஸ்பத்திரியில் டொக்டர், சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். ராத்தா அழுதுகொண்டே நானாவுக்குப் போன் போட்டார். கட்டிலைச் சுற்றிப் பெண்கள், கடைசி நேரத்தில் ஓதுகிற யாசீனை ஓதத் தொடங்கினார்கள். நானா போட்டிருந்த உடுப்போடு, தோளில் ஒரு சின்னப் பையோடு கிடைத்த விமானத்தில் ஏறினார். வாசலிலிருந்து வாசல், ஏறக்குறைய ஒன்றரை நாள். அவர் வார்டுக்குள் ஓடி வந்தபோது, உம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, ராத்தா ஊட்டிய இடியப்பத்துக்குச் சொதி போதாது என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

உம்மாவுக்கு முதலில் சந்தோஷம் தாங்கவில்லை. நானாவின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு அவர் கண் நானாவின் கையைப் பார்த்தது, கட்டிலுக்குக் கீழே பார்த்தது.

"பெட்டி எங்க மகன்?"

"வீட்ல இருக்கு உம்மா."

மறுநாள் உம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வீட்டில் பெட்டி இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் என்றால் எங்கள் ஊரில் பெட்டியும் வர வேண்டும். சொக்லேட், சவர்க்காரம், சால்வை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பேனை பென்சில் என்று நடுவீட்டில் வைத்துப் பிரிப்பார்கள், அக்கம்பக்கமெல்லாம் வந்து சுற்றி உட்காரும். பெட்டி இல்லாமல் ஒருவர் வருவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். உம்மாவுக்கு அது தெரியாதா? கட்டிலில் உட்கார்ந்து, அந்தத் தோள்பையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எனக்கு மண் போட வந்தியா மகன்?"

நானா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதற்குப் பிறகு நானா நின்ற நாட்களில் உம்மா அவரை விருந்தாளியைப் போலத்தான் நடத்தினார். சாப்பாடு கேட்பார், தூக்கம் வந்ததா என்று கேட்பார், அதற்கு மேல் பேச்சில்லை. சின்ன விஷயம் என்று வெளியாள் நினைக்கலாம். தன் மௌத்தை எதிர்பார்த்து மகன் வந்து இறங்கியதைக் கண்ணால் கண்டவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. நானா திரும்பிப் போகும் அன்று மட்டும், கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த தடவ பெட்டியோட வா" என்றார்.

அதற்குப் பிறகுதான் என் தலையில் அந்த வேலை விழுந்தது. உம்மாவோடு இருப்பது நான்தானே. நானா தினமும் எடுப்பார், உம்மாவோடு பேசுவார், பிறகு போனை என்னிடம் தரச் சொல்வார். உம்மா ஒரு தடவை இருமியிருந்தால் போதும், "வரட்டுமா?" என்பார். வாங்க என்று சொல்லி, உம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டால்? வேண்டாம் என்று சொல்லி, மறுநாளே ஏதும் நடந்துவிட்டால்? நான் டொக்டரா, உயிர் வாங்க வருகிற மலக்கா? எனக்கு எப்படித் தெரியும்? பல நாள் போனை வைத்துவிட்டுச் சமையலறையில் சட்டி பானையோடு சண்டை பிடித்திருக்கிறேன்.

கோபத்தை விட மோசமான ஒன்றும் இருந்தது. உம்மாவின் கால் வீக்கத்தை எண்ணெய் தேய்க்கிற சாட்டில் அழுத்திப் பார்ப்பேன். எவ்வளவு குழி விழுகிறது என்று பார்ப்பேன். எத்தனை தலையணை வைத்தால் தூங்குகிறார் என்று பார்ப்பேன். பார்த்துவிட்டு, இன்றைக்குச் சொன்னால் எப்போது வந்து சேர்வார் என்று மனசுக்குள் கூட்டிக் கழிப்பேன். உயிரோடு என் முன்னால் இருந்து கதை சொல்லிக்கொண்டிருக்கிற உம்மாவின் மௌத்திலிருந்து பின்னால் கழித்துக் கழித்து வருவேன். என்ன பிறவி நான் என்று எனக்கே அருவருப்பாக இருக்கும்.

போன ஓகஸ்ட்டில் காற்று அடித்து வளவெல்லாம் காய்ந்து கிடந்தது. உம்மாவால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடிதான் தூக்கம். பேசும்போது பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினார். இந்தத் தடவை நான் டொக்டரிடம் கேட்கவில்லை, ராத்தாவிடம் கேட்கவில்லை. வளவுக்குப் போய் ஜாதிக்காய் மரத்தடியில் நின்று நானாவுக்கு எடுத்தேன்.

"வாங்க நானா."

அங்கே மாடுகள் கன்று போடுகிற காலம் அது. ஆள் மாற்றுவது லேசில்லை. ஆனால் அவர் அதைப் பற்றிச் சொல்லவில்லை.

"ஒரு நாள் தா. பெட்டி கட்டிட்டு வாறேன்."

"பெட்டி எதுக்கு இப்ப? உடனே ஏறுங்க."

"போன தடவ உம்மா பாத்த பார்வைய இன்னொரு தடவ பாக்க என்னால ஏலாது. ஒரு நாள்தானே."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் உம்மாவிடம் போய், நானா லீவு எடுத்து வருகிறாராம் என்றேன். உம்மா என்னை உற்றுப் பார்த்தார்.

"பெட்டியோடயா?"

"ரெண்டு பெட்டியாம்."

உம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. நானாவின் அறையைக் கூட்டச் சொன்னார். புதுக் கட்டில் விரிப்பு எடுத்துப் போடச் சொன்னார். வேலியில் நின்ற பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டு, மூச்சு வாங்க வாங்க, "மகன் வாறான், லீவுல" என்று சொன்னார். அந்த 'லீவுல' என்ற சொல்லை அழுத்திச் சொன்னதை நான் கவனித்தேன்.

அவசரத்தில் எடுத்த டிக்கெட். சிங்கப்பூரில் மாலை இறங்கி, அங்கேயே இரவு முழுக்க, மறுநாள் முழுக்க இருந்து, அன்று ராத்திரிதான் கொழும்பு விமானம். கட்டுநாயக்காவில் இறங்க நடுச்சாமம். வீட்டு வாசலுக்கு வர அதற்கடுத்த நாள் விடிந்துவிடும். நானா டிக்கெட்டைப் படம் எடுத்து எனக்கு மட்டும் அனுப்பியிருந்தார். நேரம் நல்லதாக ஒரு டிக்கெட் இருந்திருக்கிறது, அது பெட்டி கட்டிய நாளில் போய்விட்டது.

அவர் புறப்பட்ட அன்று காலை எங்களுக்குச் சுபஹுத் தொழுகை முடிந்து வெளிச்சம் வரும் நேரம். "உம்மா, ஏறிட்டேன்" என்று அவர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். உம்மாவின் காதருகில் வைத்துக் கேட்க வைத்தேன். இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். பிறகு தேத்தண்ணி கேட்டார். நான் போட்டுக்கொண்டு வந்தபோது தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கோப்பையை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு உம்மா, உம்மா என்று தட்டினேன். அவ்வளவுதான். எனக்கு அழக்கூட முதலில் தோன்றவில்லை. கையிலிருந்த போனைத்தான் பார்த்தேன். இந்தச் செய்தியைக் கேட்க வேண்டிய மனிதர் கடலுக்கு மேலே இருந்தார்.

ராத்தாவும் மச்சானும் வந்தார்கள். பக்கத்து வீடுகள் நிறைந்தன. மச்சான் கெட்டிக்காரர். நாவுல, பல்லேபொலப் பக்கமெல்லாம் போய் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறவர். எந்தத் தராசையும் இரண்டு தடவை சோதிக்காமல் நம்ப மாட்டார். ஆனால் போன் சொன்னால் நம்பிவிடுவார். நான் உம்மாவின் அறைக்குள் பெண்களோடு இருந்தேன். மச்சான் முன்பக்கத்தில் நின்று, நானா எத்தனை மணிக்கு ஏறினார் என்று ராத்தாவிடம் கேட்டு, போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, பதின்மூன்றரை மணித்தியாலத்தைக் கூட்டியிருக்கிறார். இரவு எட்டு மணிக்குக் கட்டுநாயக்கா, நடுச்சாமத்துக்கு முதல் வீடு. கணக்கு அழகாக வந்துவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மையத்தின் பக்கத்தில் இருக்கிறவளை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று நினைத்திருப்பார்.

கொஞ்ச நேரத்தில் பள்ளி ஒலிபெருக்கி கரகரத்தது. உம்மாவின் பெயரையும் வாப்பாவின் பெயரையும் சொல்லி, ஜனாஸா நல்லடக்கம் நாளை சுபஹுத் தொழுகையின் பின் என்று அறிவித்தார்கள். என் பக்கத்தில் இருந்த பெண், "அல்ஹம்துலில்லாஹ், மகன் வந்து முகம் பாத்துருவான்" என்றார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மச்சான் எந்தக் கணக்கைப் போட்டார் என்று அவரைக் கேட்கத் தேவையே இல்லை.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். அதுதான் லேசான வழி. நாளைக் காலையில் எல்லோரும் கூடி நிற்பார்கள், நானா வந்திருக்க மாட்டார். விமானம் சுணங்கியிருக்கும் என்பார்கள். மத்தியானம் லுஹர் வரை பார்ப்போம் என்பார்கள், பிறகு பின்னேரம் அசர் என்பார்கள். இவ்வளவு நேரம் வைத்தாயிற்று, இன்னும் ஓர் இரவுதானே என்பார்கள். நான் ஒரு பொய்கூடச் சொல்லத் தேவையில்லை. நானா வந்து முகம் பார்ப்பார். ஆனால் அந்த ஓகஸ்ட் வெயிலில் உம்மாவை இரண்டு நாள் வீட்டில் வைக்க முடியாது. குளிர் அறைக்குத்தான் கொண்டுபோவார்கள்.

உம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தேன். இன்னும் லேசாகச் சூடு இருந்தது. விரல்கள் மடங்கின.

அந்த நேரத்தில் எனக்குள் என்னென்னவோ ஓடியது. உம்மா என்னிடம் சொன்ன வார்த்தை ஓடியது. பெட்டி கட்ட ஒரு நாள் கேட்டவரின் மேல் கோபம் ஓடியது. பாவம், அந்த மனிதர் இப்போது சீட்டில் உட்கார்ந்து துஆ கேட்டுக்கொண்டிருப்பார் என்ற நினைப்பும் ஓடியது. எது எதைத் தள்ளியது என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. உம்மாவின் சொல்லுக்காகத்தான் செய்தேன் என்று சொன்னால் கேட்பவர்கள் நம்புவார்கள். எனக்குத்தான் முழு நம்பிக்கை வரவில்லை. எழுந்து வாசற்படிக்குப் போய் மச்சானைக் கூப்பிட்டேன்.

"மச்சான், நானா இன்டைக்கு வர மாட்டார். நாளைக்கும் வர மாட்டார். நாளன்டைக்கு விடியத்தான் வருவார்."

"போன்ல பதிமூன்றரை மணித்தியாலம்னு போட்டிருக்கே?"

"அது பிளேன் நேரா வந்தா. நேரா வாற பிளேன் இல்ல." டிக்கெட் படத்தைக் காட்டினேன்.

மச்சான் கண்ணாடியைப் போட்டு, படத்தைப் பெரிதாக்கி, மேலிருந்து கீழாக இரண்டு தடவை பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. ஊருக்கே சொல்லியாயிற்று.

"அப்ப என்ன செய்ற? ஐஸ்ல வெப்போமா?"

"வேணாம். உம்மா எனக்குச் சொல்லியிருக்காங்க. இன்டைக்கே அசருக்கு அடக்குங்க."

ராத்தா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"நீ சொல்லாம இருந்தா யாருக்குத் தெரியும்? தம்பி வந்து ஒரு தடவ முகம் பாக்கட்டுமே. நீ தினமும் பாத்தவ. அவன் என்ன பாவம் செஞ்சான்?"

"உம்மாவ ஐஸ்ல போட நான் விட மாட்டேன் ராத்தா" என்று மட்டும் சொன்னேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. முன்பக்கத்தில் நின்ற ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது. திருத்தம், ஜனாஸா இன்று அசர் தொழுகையின் பின். நாளைக்கு என்று நினைத்து ஆறுதலாக இருந்தவர்கள் கடையை இழுத்து மூடிக்கொண்டு ஓடி வந்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும், "மகன் வரல்லியா?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ராத்தா, "வந்துகொண்டிருக்கான்" என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

உம்மாவை நான்தான் குளிப்பாட்டினேன், இன்னும் மூன்று பேரோடு. உம்மாவே பழக்கிவிட்ட பெண்கள். கை சிரமமில்லாமல் வளைந்தது. கற்பூரத் தண்ணீர் ஊற்றி, வெள்ளைக் கபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்தோம். ராத்தா குனிந்து உம்மாவின் நெற்றியில் இரண்டு தடவை முத்தமிட்டார். இரண்டாவது நானாவுக்காக என்று எனக்கு விளங்கியது. அசருக்கு முதல் சந்தூக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. நான் முன்வாசலில் நின்று, பாதை திரும்பும் வரை பார்த்தேன்.

ஆண்கள் அடக்கிவிட்டுத் திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சிங்கப்பூர். நானா இறங்கிவிட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மச்சான் கையால் வேண்டாம் என்று காட்டினார். ராத்தா கிட்ட வந்து மெல்லிய குரலில், "சொல்லாத. ஒரு ராத்திரி ஒரு பகல் அந்த ஏர்போர்ட்ல தனியா இருக்கணும். வந்த பிறகு சொல்லலாம்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அன்றைக்கு எல்லோரும் நியாயமாகத்தான் பேசினார்கள். நான் போனை எடுத்துக்கொண்டு உம்மாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"இறங்கிட்டேன். உம்மா என்ன செய்றாங்க? பெட்டி ரெண்டும் நேரா கொழும்புக்குப் போட்டுட்டாங்களாம், சொல்லு உம்மாட்ட" என்றார். நல்ல உற்சாகமான குரல். பின்னால் ஏதோ ஒரு விமானத்துக்கு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவரை ஒரு பகலும் ஓர் இரவும் அப்படியே விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் கடலுக்கு மேலே இருந்த நேரம் முழுவதும் அவருக்கு மட்டும் உம்மா இருந்தார். எங்களுக்குக் காலையிலேயே போய்விட்டார். ஆனால் நாளைக்கு முழுக்க அவர் மணிக்கொரு தடவை எடுப்பார். மணிக்கொரு தடவை நான் உம்மா தூங்குகிறார் என்று சொல்ல வேண்டும். அது என்னால் ஆகாது.

"நானா, எங்கயாவது உக்காருங்க."

அவ்வளவுதான் சொன்னேன். அவருக்கு விளங்கிவிட்டது. மௌத்துச் செய்தி கேட்டால் சொல்கிற இன்னாலில்லாஹியைத் தொடங்கி முடிக்காமல் நிறுத்தினார்.

"எப்ப?"

"நீங்க அனுப்பின குரலக் கேட்டாங்க. ரெண்டு தடவ கேட்டாங்க. கொஞ்ச நேரத்தில."

"எனக்கு வெச்சிருக்காங்களா?"

"இல்ல நானா. அசருக்கு அடக்கியாச்சு."

"யாரு அடக்கச் சொன்ன?"

"நான்தான் சொன்னேன்."

அவர் ஏச வேண்டும் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்கும் திருப்பிச் சொல்ல நிறைய இருந்தது. அவர் ஏசவில்லை. யாரோ வழி கேட்பது போலக் கேட்டார்.

"அப்ப நான் இனி வந்து என்ன செய்ற? இங்க இருந்து ராத்திரி ஆக்லாந்துக்கு ஒரு பிளேன் இருக்கு. திரும்பினா நாளன்டைக்கு விடிய மாட்டுப் பட்டிக்குப் போயிரலாம். அங்கயும் ஆளில்ல."

அவர் கேட்டது சரியான கேள்வி. இத்தனை வருஷமும் அவரை வரச் சொன்னது, வர வேண்டாம் என்று சொன்னது எல்லாம் ஒரே ஆளுக்காக. அந்த ஆள் இல்லை. பாதிக்கு மேல் வந்தாயிற்று என்பது ஒரு காரணமாகுமா? நான் உம்மாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். விரிப்பை எடுத்துவிட்டிருந்தார்கள், மெத்தை வெறுமையாகக் கிடந்தது. வெளியே ஆட்கள் ஒவ்வொருவராகச் சலாம் சொல்லிப் புறப்படும் சத்தம் கேட்டது. இன்னும் இரண்டொரு நாளில் ராத்தாவும் டவுனுக்குப் போய்விடுவார். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"நானா, உம்மாக்காகத்தான் எப்பவும் உங்கள வரச் சொன்னேன். எனக்காக ஒரு நாளும் கேட்டதில்ல. இப்ப கேக்கிறேன். எனக்கு இந்த வீட்ல தனியா இருக்கப் பயமா இருக்கு. வாங்க."

அந்தப் பக்கம் மறுபடி யாரையோ விமானத்துக்குக் கூப்பிட்டார்கள்.

"அழாத" என்றார். "வாறேன்."

எத்தனை மணிக்கு வந்து சேர்வீர்கள் என்று நான் கேட்கவில்லை.